மஞ்சள் நீரும் இரும்புச் சுவரும்

1980-களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சலிப்பூட்டும் சோதனை ஒன்று நடந்தது. நிலத்தடி நீரைக் கண்காணிக்க மண்ணுக்குள் இறக்கும் குழாய்களை எந்தப் பொருளால் செய்வது நல்லது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிக் குழாய் நீரில் கரைந்திருக்கும் ரசாயனத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். உலோகக் குழாய் என்ன செய்யும்? குளோரின் சேர்ந்த கரைப்பான்களை நீரில் கலந்து, குழாய்கள் செய்யப் பயன்படும் பொருள்களோடு சேர்த்து மூடிவைத்துப் பார்த்தார்கள். உலோகத்தோடு இருந்த நீரில் கரைப்பான் நாளுக்கு நாள் குறைந்தது. அது உலோகத்தில் ஒட்டிக்கொள்ளவில்லை, சிதைந்தே போயிருந்தது.

சோதனையின் நோக்கப்படி இது கெட்ட செய்தி. அப்படிப்பட்ட குழாயில் எடுத்த மாதிரி, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பொய் சொல்லும். சில ஆண்டுகள் அந்த முடிவு கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிறகு பேராசிரியர் ராபர்ட் கில்லம் அதைத் தலைகீழாகத் திருப்பினார். மாதிரியில் இருக்கும் நஞ்சை இரும்பு அழிக்கிறது என்றால், மண்ணுக்கடியில் நஞ்சு நகரும் வழியிலேயே இரும்பை வைத்தால் என்ன? 1991-இல் ஒன்டாரியோவின் போர்டன் ராணுவத் தளத்தில், இரும்புத் துகளும் மணலும் கலந்த சுவர் ஒன்றை நிலத்தடி நீரோட்டத்துக்குக் குறுக்கே புதைத்தார்கள். நீர் தன் போக்கில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. கரைப்பானில் பெரும்பகுதி வெளியே வரவில்லை.

இந்தச் சுவர் ஏன் பெரிய விஷயமானது என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய காலத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில், நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கெனால் என்ற குடியிருப்பு. கைவிடப்பட்ட கால்வாய்ப் பள்ளத்தில் ஒரு ரசாயன ஆலை சுமார் 21,000 டன் கழிவைக் கொட்டி மூடியது. 1953-இல் ஒரு டாலருக்கு அந்த நிலம் பள்ளி வாரியத்துக்குக் கைமாறியது. அங்கே பள்ளிக்கூடமும், அதைச் சுற்றி வீடுகளும் எழுந்தன. 1978-இல் விஷயம் வெடித்தது. 1980 டிசம்பரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர், 'சூப்பர்ஃபண்ட்' என்று அழைக்கப்படும் துப்புரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடெங்கும் நஞ்சேறிய இடங்களைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால் எப்படிச் சுத்தம் செய்வது என்பது எவருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்தது ஒரே வழி: கிணறு தோண்டு, மோட்டார் போட்டு இறை, மேலே கொண்டுவந்து சுத்திகரி. சில ஆண்டுகள் இறைத்தால் சரியாகிவிடும் என்று பொறியாளர்கள் நம்பினார்கள்.

சரியாகவில்லை. முதல் ஓரிரு ஆண்டு நஞ்சின் அளவு மளமளவென்று குறையும். பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். மோட்டாரை நிறுத்தினால் மறுபடி ஏறும். 1994-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இப்படி இறைத்துக்கொண்டிருந்த 77 இடங்களை ஆராய்ந்தது. அவற்றில் 69 இடங்கள் இலக்கை எட்டவில்லை.

காரணம் நிலத்துக்குள் இருக்கிறது. நிலத்தடி என்றதும் நம் மனத்தில் ஒரு ஏரியோ ஓடும் ஆறோ தோன்றுகிறது. உண்மையில் அது மணல் துகள்களின் இடுக்கிலும் பாறைப் பிளவிலும் கசியும் ஈரம். நடுநடுவே களிமண் திட்டுகள் இருக்கும். நஞ்சு பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் களிமண்ணுக்குள் ஊடுருவியிருக்கும். மோட்டார் இறைப்பதோ மணல் வழியே எளிதாக ஓடிவரும் நீரை மட்டும்தான். மணல் சுத்தமானதும் களிமண் தன்னிடம் உள்ளதைத் திருப்பிக் கசியவிடத் தொடங்கும். எண்ணெய்ப் பிசுக்கேறிய துணியை வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டே இருப்பதைப் போன்ற வேலை இது.

டிரைகுளோரோ எத்திலீன் போன்ற கரைப்பான்கள் இதைவிட மோசம். இயந்திர பாகங்களில் கிரீஸைப் போக்க ஆலைகள் டிரைகுளோரோ எத்திலீனைத் தாராளமாகப் பயன்படுத்தின. அது தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, நீரில் கொஞ்சம்தான் கரையும். கீழே கொட்டினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்காது. அதைத் துளைத்துக்கொண்டு இறங்கி, அடியில் ஏதாவது பள்ளத்திலோ பிளவிலோ குட்டையாகத் தேங்கி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் கரைப்பான் 29 கோடி லிட்டர் தண்ணீரை வரம்பைத் தொடும் அளவுக்கு மாசுபடுத்திவிடும். அந்த ஒரு லிட்டர் எந்தப் பிளவில் கிடக்கிறது என்பதை மேலே நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

இரும்புச் சுவர் இந்தக் கேள்வியை லாகவமாகச் சுற்றிக்கொண்டு போனது. நஞ்சின் மூலத்தை அது தேடவில்லை. நஞ்சு கரைந்து வரும் பாதையில் காத்திருந்தது. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், காவலாள் வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கும்போது எலக்ட்ரான்களை விடுகிறது. கரைப்பான் மூலக்கூறு அவற்றை வாங்கிக்கொண்டு தன் குளோரின் அணுக்களை உதிர்க்கிறது. மிஞ்சுவது தீங்கு குறைந்த எத்திலீனும் குளோரைடு உப்பும்.

நம் கதைக்கு முக்கியமான சுவர் வட கரோலினா மாநிலத்தின் எலிசபெத் சிட்டியில் இருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தளம் அது. அங்கே விமான பாகங்களுக்குக் குரோமிய முலாம் பூசும் பட்டறை ஒன்று இயங்கியது. தரைக்கடியில் கசிந்த அமிலக் கழிவு பாஸ்குவோடாங்க் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதில் டிரைகுளோரோ எத்திலீனும் குரோமியமும் இருந்தன. 1996 ஜூனில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் சுவர் இறங்கியது. ஒரு பக்கம் பள்ளம் வெட்டிக்கொண்டே மறுபக்கம் இரும்புத் துகளைக் கொட்டிக்கொண்டு நகரும் இயந்திரம் அதைச் செய்தது. சுமார் 450 டன் இரும்பு. சுவரைத் தாண்டி வந்த நீரில் குரோமியம் குடிநீர் வரம்புக்குக் கீழே போயிருந்தது.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் சாதுவானது. சாதாரண நீரில் பச்சைநிற வண்டலாகப் படிந்து, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது மஞ்சள் நிறம், நன்றாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். அது எதிர்மின்சுமை கொண்ட அயனியாக நீரில் திரிகிறது. பெரும்பாலான மண்துகள்களும் எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. தண்ணீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகும். ஆகவே குரோமியத்தைச் சுத்தம் செய்வது என்றால் அதை வெளியே எடுப்பது என்று பொருளல்ல. தனிமத்தை எவராலும் அழிக்க முடியாது. ஆறை மூன்றாக்கிவிட்டால் அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இரும்புச் சுவர் செய்தது அதைத்தான்.

இதைப் படிக்கும் எவருக்கும் ராணிப்பேட்டை நினைவுக்கு வந்திருக்கும். வரவில்லை என்றால் வர வேண்டும்.

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து வறுத்து, நீரில் கரைத்து, சோடியம் பைகுரோமேட் எடுப்பது வேலை. அதிலிருந்து வரும் குரோமிய உப்புதான் தோல் பதனிட உதவுவது. வாலாஜாபேட்டை தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடிவரை உள்ள தோல் தொழிற்சாலைகளுக்கு அது அன்றாடத் தேவை. கரைத்தெடுத்த பிறகு மிஞ்சிய சக்கை ஆலை வளாகத்திலேயே குவிந்தது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் மஞ்சள் நீர் வழிந்தது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. அந்த ஒரு வரிசையில் நம் ஊர் பெயர் பொருந்திப்போனதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த வாரமே மறந்தும் போனோம்.

அப்படியானால் எலிசபெத் சிட்டியில் செய்ததை இங்கே செய்துவிட வேண்டியதுதானே? இந்தக் கேள்வியைக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கலாம். வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்கி வந்து இறக்கினால் போதும் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. அது எங்கே உடைகிறது என்று பார்ப்பது நல்லது.

முதலில் குவியல். எலிசபெத் சிட்டியில் இருந்தது கசிவு. ராணிப்பேட்டையில் இருப்பது மலை. அதில் சுண்ணாம்பு அதிகம், கடும் காரத்தன்மை. பெர்ரஸ் சல்பேட் கரைசலை ஊற்றினால் குரோமியம் மாறிவிடும் என்று பாடநூல் சொல்லும். ஆனால் காரத்தைத் தொட்டதும் இரும்பு மேலேயே படிந்துவிடும், சக்கைக் கட்டிகளின் உள்ளே போய்ச் சேராது. உள்ளிருக்கும் மஞ்சள் பல்லாண்டுகளுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். எத்தனை ஆண்டு என்பதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. கிளாஸ்கோ அருகே ரூதர்க்ளென்னில் இதே பொருளைச் செய்த ஆலை 1960-களில் மூடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2019-இல், பக்கத்தில் ஓடும் போல்மடி ஓடை பளிச்சென்று பச்சை மஞ்சளாக மாறி செய்தியானது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இதே சக்கையைப் பள்ளம் நிரப்பும் மண்ணாக வீட்டுமனைகளுக்கு விற்றார்கள். அங்கே துப்புரவு பல பத்தாண்டுகள் நீண்டது.

அடுத்தது பாறை. எலிசபெத் சிட்டி கடலோர மணல்பூமி. நீர் ஒரே திசையில், கணிக்கக்கூடிய வேகத்தில் நகர்கிறது. ஏழு மீட்டர் வெட்டினால் நஞ்சு வரும் பாதையின் பெரும்பகுதியை மறித்துவிடலாம். ராணிப்பேட்டை நிற்பது கடினப் பாறையின் மேல். மேலே சிதைந்த மண், அதன்கீழ் பிளவுபட்ட கிரானைட் வகைப் பாறை. நீர் அங்கே சுவர்போல் பரவி வருவதில்லை. பிளவுகளின் வழியே நூலிழையாக ஓடுகிறது. ஒரு கிணற்றில் மஞ்சள் நீர், பக்கத்துக் கிணற்றில் நல்ல நீர் என்பதெல்லாம் இப்படிப்பட்ட பூமியில் ஆச்சரியமே இல்லை. எந்தப் பிளவு எங்கே போகிறது என்று தெரியாமல் வெட்டும் எந்தச் சுவரையும் நீர் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கலிபோர்னியாவின் ஹிங்க்லி கிராமம் இன்னொரு பாடம். எரின் பிராக்கோவிச் வழக்கால், பிறகு அவர் பெயரிலேயே வந்த திரைப்படத்தால், உலகறிந்த ஊர். எரிவாயுக் குழாய் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்க 1952 முதல் 1966 வரை ஆறு இணைதிறன் குரோமியத்தைப் பயன்படுத்தினார்கள். 1996-இல் 333 மில்லியன் டாலர் இழப்பீடு. படம் அங்கே முடிந்தது, துப்புரவு முடியவில்லை. அங்கே எடுத்த வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மாசுபட்ட நிலத்தடி நீரை இறைத்துக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். வேர்மண்ணில் உள்ள கரிமப் பொருளும் நுண்ணுயிரிகளும் குரோமியத்தைச் சாதுவாக்கி மண்ணிலேயே தங்கவைத்தன. வேறோர் இடத்தில் எத்தனாலை மண்ணுக்குள் செலுத்தி, அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாக்கினார்கள். அவை ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும் அதே மாற்றம் நடந்தது.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் பல ஆண்டு வாக்குவாதமானது. ஊர் நீரில் இருக்கும் குரோமியத்தில் எரிவாயு நிலையத்திலிருந்து வந்தது எவ்வளவு, பாறையிலிருந்து இயல்பாக வந்தது எவ்வளவு? அதைப் பிரித்துச் சொல்ல அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் தனியாக ஓர் ஆய்வே நடத்த வேண்டியிருந்தது. நம் பக்கமும் இந்தக் கேள்வி வரும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமைட் தாது பாறையிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட பூமியில் ஒரு கிணற்றில் குரோமியம் கண்டதும் ஆலையைக் கைகாட்டுவதும் தவறு. அதையே சாக்காக வைத்து ஆலை தப்பிப்பதும் தவறு.

இரும்பு, எத்தனால், பாக்டீரியா என்று மருந்துகளுக்குக் குறைவில்லை. நோயாளியைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இந்தத் துறையில் பயிற்சி என்பதன் பெரும்பகுதி இயந்திரங்களைப் பற்றியதே அல்ல. தண்ணீரை எப்படி எடுப்பது, மண்ணை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியது.

தண்ணீர் எடுப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எலிசபெத் சிட்டிச் சுவரில் வேலை செய்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை விஞ்ஞானி ராபர்ட் பல்ஸ், அதே 1996-இல், மைக்கேல் பார்செலோனாவுடன் சேர்ந்து ஒரு சிறு வழிகாட்டியை எழுதினார். கிணற்றில் வாளி இறக்கி மொண்டால் அடியில் கிடக்கும் சேறு கலங்கும். அந்தத் துகள்களில் ஒட்டிய உலோகமும் ஆய்வகத்தில் கணக்கில் வந்து, இல்லாத மாசைக் காட்டும். ஆகவே நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் மட்டும், நீர்மட்டம் அசையாதபடி மெல்ல இறைக்க வேண்டும். மின்கடத்துதிறன், ஆக்சிஜன், கலங்கல் எல்லாம் நிலைப்பட்ட பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. இன்று அது பரவலான வழக்கம்.

குரோமியத்துக்கு இன்னும் நுணுக்கம் வேண்டும். உலோகங்களைப் பரிசோதிக்கும் நீரில் அமிலம் விட்டுப் பாதுகாப்பது பொதுவிதி. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அதைச் செய்தால், பாட்டிலுக்குள்ளேயே அது மூன்றாக மாறிவிடலாம். நஞ்சு இல்லை என்று அறிக்கை வரும். அதற்குத் தனிப் பாட்டில், களத்திலேயே வடிகட்டல், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை. கரைப்பானுக்கு வேறு கணக்கு. பாட்டிலின் மூடிக்கடியில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கரைப்பான் அதற்குள் ஆவியாகிப் போய்விடும். கோடிக்கணக்கில் செலவாகும் திட்டம் ஒன்று, வெயிலில் காரின் பின்சீட்டில் கிடந்த பாட்டிலை நம்பித் தீர்மானிக்கப்படக்கூடும். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு கிலோ குரோமியம் 2 கோடி லிட்டரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும். இவ்வளவு சிறிய அளவைப் பேசும்போது பாட்டில் பிடித்தவரின் கைதான் அறிக்கையை எழுதுகிறது.

இதையெல்லாம் கற்பதற்குப் பணம் தடையில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழிகாட்டிகளும் வகுப்புகளும் இலவசம். அங்கே மாநில அரசு அதிகாரிகள் 1995-இல் தங்களுக்குள் கூடி உருவாக்கிய தொழில்நுட்பக் குழு ஒன்று, இரும்புச் சுவர் முதல் நுண்ணுயிர்ச் சிகிச்சைவரை கையேடுகளை எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அவற்றில் எனக்குப் பிடித்தது, எந்த இடத்தில் எந்த முறை தோற்றது என்பதையும் மறைக்காமல் எழுதியிருப்பது. வாட்டர்லூவின் ஜான் செர்ரி, நிலத்தடி நீர் பற்றிய புகழ்பெற்ற பாடநூலை 1979-இல் ஆலன் ஃப்ரீஸுடன் எழுதியவர், 2020-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது பெற்றவர். அவர் தொடங்கிய திட்டத்தில் இத்துறை நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பாதுகாப்புப் பயிற்சி மட்டும் அமெரிக்காவில் சட்டக் கட்டாயம். அபாயக் கழிவு இடத்தில் வழக்கமாக வேலை செய்யும் தொழிலாளி 40 மணி நேரம் வகுப்பும், மேற்பார்வையில் 3 நாள் களவேலையும் முடித்திருக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் 8 மணி நேரம்.

இந்தியாவில் சட்டம் இப்போதுதான் வந்திருக்கிறது. கொள்கை பழையது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் நாட்டின் சட்டத்தின் பகுதி என்றே சொன்னது. பாலாற்றங்கரைத் தோல் கழிவு பற்றிய வழக்கு அது. மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து, ஆராய்ந்து, துப்புரவு செய்யும் நடைமுறையை வகுக்கும் தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வெளியாயின. இனி மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சிகளும் சந்தேகத்துக்குரிய இடங்களைத் தெரிவிக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறித்த காலத்துக்குள் முதல்கட்டப் பரிசோதனை செய்ய வேண்டும். கெடு வைத்தது நல்லது. அந்தக் கெடுவுக்குள் மண்ணைத் துளைத்து, நீரைப் பிடித்து, படித்துச் சொல்லும் ஆட்கள் எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

தமிழ்நாட்டில் அந்த ஆட்களில் பாதிப் பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. வண்டியில் நிற்கும் ஆபரேட்டருக்கு மேல்மண் எத்தனை அடியில் முடிந்தது, எங்கே பாறை தொடங்கியது, எத்தனையாவது அடியில் ஊற்று கிடைத்தது, அடுத்த ஊற்று எங்கே என்பதெல்லாம் துளையிலிருந்து பறந்துவரும் தூளின் நிறத்திலும் இயந்திரத்தின் சத்தத்திலும் தெரியும். கடினப் பாறையில் நஞ்சின் பாதையைத் தேடும் நிபுணருக்கு வேண்டிய தகவல் சரியாக இதுதான். பல்கலைக்கழகத்தில் இருப்பவர் கருவிகளை வைத்து ஊகிப்பதை இவர் நேராகப் பார்க்கிறார். ஆனால் தண்ணீர் வந்ததும் வண்டி நகர்ந்துவிடும், பார்த்தது எங்கும் எழுதப்படுவதில்லை. தூளை அடிவாரியாகச் சின்னச் சின்னக் குவியலாக வைத்து, ஆழத்தையும் நிறத்தையும் ஊற்றையும் ஒரு நோட்டில் பதியச் சொல்லிக்கொடுக்க நீண்ட வகுப்பு தேவையில்லை. மாசுள்ள இடத்தில் துளையிடும்போது கையுறையும் முகக்கவசமும் ஏன், ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவே கம்பியை ஏன் கழுவ வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்கலாம்.

அதைவிட அவசரமானது மூடுவது. நம் போர்வெல்லில் மேல்மண் சரியாமல் இருக்கும் அளவுக்குத்தான் கேசிங் இறக்குகிறோம். அதற்குக் கீழே பாறை திறந்தபடி இருக்கும். மேலடுக்குப் பிளவில் வரும் மஞ்சள் நீர், இருநூறு முந்நூறு அடி கீழே நல்ல நீர் இருக்கும் பிளவுக்குள் அந்தத் துளை வழியாகவே இறங்கும். வறண்டு கைவிட்ட ஒவ்வொரு துளையும் இப்படி ஒரு புனல். குழந்தைகள் விழுந்த துயரங்களுக்குப் பிறகு கைவிட்ட கிணறுகளை மூட உத்தரவுகள் வந்தன, வாய்க்கு மூடி போட்டால் அந்த ஆபத்து நீங்கிவிடும். நஞ்சுக்கு மூடி போதாது. அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் குழம்போ பெண்டோனைட் களிமண்ணோ குழாய் வழியாக இறக்கி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். துளையிட அடிக்கு இவ்வளவு என்று ஊர் அறிந்த கூலி இருக்கிறது. நிரப்புவதற்கும் அடிக்கணக்கில் ஒரு கூலியை அரசு நிர்ணயித்தால், அதே வண்டிகள் அந்த வேலைக்கும் வரும்.